ஃபூ மீ துறைமுகத்திலிருந்து சைகோன்: தனி வழிகாட்டி சரிதானா?

காலை 7 மணிக்கு வியட்நாமின் ஃபூ மீ துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி, மாலை 6-க்குக் கப்பல் கிளம்புவதற்குள் முழங்கால் வலியுள்ள அம்மாவைத் தனி வழிகாட்டியோடு சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். கும்பலோடு பேருந்தில் ஏறி இறங்குவதைவிட அம்மாவுக்கு இதுதான் வசதி.

கவலை சாலைதான். ஒரு வழிக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. அதனால் 6 மணியை மறந்துவிடுங்கள். எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் எதுவென்று பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் விட வேண்டும் என்று வழிகாட்டியிடம் எழுத்தில் வாங்குங்கள். விசா விஷயத்தைக் கப்பல் நிறுவனத்திடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

வியட்நாம் போர்க்காலத்துக் கூ சி சுரங்கம் வேண்டவே வேண்டாம்; நகரத்துக்கும் அப்பால் இருக்கிறது, குனிந்து தவழ வேண்டும். அதற்குப் பதிலாக நகரத்துக்குள்ளேயே பழைய அஞ்சலகம், போர் நினைவு அருங்காட்சியகம், அப்புறம் பென் தான் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்குப் பக்கத்திலேயே, ட்ருவோங் டின் தெருவில், அந்தக் காலத்துத் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாமியர்கள் ஊதுபத்தியோடு வந்து, பின்சுவரில் நெற்றியை ஒட்டி வேண்டிக்கொள்வதைப் பார்க்கலாம். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டால் சந்தையை விட்டுவிடுங்கள், பெரிய நஷ்டமில்லை.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். மழையால் கப்பல் அந்தத் துறைமுகத்தைத் தவிர்த்தால் முன்பணம் திரும்புமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.