அல்ஹம்ப்ரா டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எதற்கு?

ஸ்பெயினின் கிரனாடா நகரில் இருக்கும் அல்ஹம்ப்ரா ஒற்றைக் கட்டடம் அல்ல. கோட்டை, தோட்டங்கள், அரண்மனைகள் எல்லாம் சேர்ந்த ஒரு குன்று. டிக்கெட்டில் உள்ள நேரம், அதில் நஸ்ரித் அரண்மனைகளுக்குள், அதாவது கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் வம்சத்தின் அரண்மனைகளுக்குள், நுழைவதற்கு மட்டும்.

காரணம் இடநெருக்கடி. இவை பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டில் சுல்தான்கள் வாழக் கட்டியவை, பெருங்கூட்டத்துக்காக அல்ல. சுவர் முழுக்க நுணுக்கமான சாந்து வேலைப்பாடு; கை படப் படத் தேய்ந்துவிடும். அதனால் ஆட்களைக் குழு குழுவாகத்தான் விடுகிறார்கள். ரயில் டிக்கெட் மாதிரிதான், வண்டி போய்விட்டால் கையில் டிக்கெட் இருந்தும் பயனில்லை. பிரதான வாசலிலிருந்து இந்த அரண்மனைகளுக்குப் போகவே கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பலர் அவசரப்படுகிறார்கள். அப்படியில்லை, நேரம் நுழைவுக்குத்தான், உள்ளே சிங்கச் சிலைகள் தாங்கும் நீரூற்று உள்ள சிங்க முற்றத்தை நிதானமாகவே பார்க்கலாம்.