செஞ்சிலந்திக்கு வேப்பெண்ணெய், பூண்டுக் கரைசல் மட்டும் போதுமா?

"கத்தரி, வெண்டை இலைகளில் செஞ்சிலந்தி வந்துவிட்டது. ரசாயன மருந்து அடிக்காமல் வேப்பெண்ணெய், பூண்டுக் கரைசலை வைத்தே சமாளிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும். பலரும் எந்தக் கரைசல் நல்லது என்றே அலசிக்கொண்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் கரைசலைவிட அதை அடிக்கும் விதம்தான் முக்கியம். தாவரக் கரைசல்கள் பெரும்பாலும் மேலே பட்டால்தான் வேலை செய்யும். செஞ்சிலந்தியோ, இலைச் சாற்றை உறிஞ்சும் பொடி உயிர்; அது இலையின் அடிப்பக்கத்தில், மெல்லிய நூலாம்படைக்குள் இருக்கிறது. மேலே நின்று தெளித்துவிட்டு வந்தால் இலை பளபளக்கும், சிலந்தி அப்படியே இருக்கும்.

முதலில் அது சிலந்திதானா என்று பாருங்கள். வெளிறிய புள்ளிகள் விழுந்த இலையை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்துத் தட்டுங்கள். மிளகாய்ப் பொடித் துகள் போல விழுந்தவை ஊர ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம். மிளகாய்ச் செடியென்றால் இன்னொரு அடையாளம்: இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்தி.

சரி, கரைசலுக்கு வருவோம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லியில் தொடங்கலாம். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றாதீர்கள். கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால் போல வரும்வரை கலக்கி, அப்புறம் மீதி நீரைச் சேருங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் இன்னும் கலக்க வேண்டும். அப்படியே அடித்தால் இலை கருகும். துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம்.

பூண்டு சேர்ப்பதென்றால், தேங்காயைத் தாக்கும் ஈரியோபைட் என்ற சிலந்தி வகைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி, பூண்டு 20 கிராம், சோப்பு 5 கிராம். காய்கறிச் செடியின் இளம் இலைக்கு இது கனமாக இருக்கலாம். எதுவானாலும் முதலில் ஒரே ஒரு செடியில் அடித்து, மறுநாள் இலையைப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பு கிடைத்தால் லிட்டருக்கு 50 கிராம் இடித்து, இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அன்றே தெளித்துவிடுங்கள். வேம்பில் பூச்சிகளுக்கு எதிராக வேலை செய்யும் அசாடிராக்டின் என்ற பொருள் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் மாலைதான் சரியான நேரம்.

ஒரு தடவையோடு நிறுத்திவிடாதீர்கள். முட்டைகள் பல தப்பிவிடும். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடியுங்கள்.

புகையிலைக் கஷாயம் பற்றியும் சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நிக்கோட்டின் மனிதருக்குக் கடும் விஷம், தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் பாதுகாப்பானதாகிவிடாது. கந்தகம் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது எண்ணெய்க் கரைசலைத் தொடாதீர்கள், இலை தீய்ந்துவிடும். பைரித்ராய்டு வகை ரசாயனப் பூச்சிமருந்துகளையும் தவிர்ப்பது நல்லது. சிலந்தியைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திகளை அவை கொன்றுவிடுவதால், தொல்லை முன்னைவிட அதிகமாகவே திரும்பி வரும். லென்ஸில் பார்க்கும்போது மற்றவற்றைவிட வேகமாக ஓடும் சிலந்திகள் தெரிந்தால் அவை இந்த நல்லவையாக இருக்கலாம். அவை நிறைய இருந்தால் ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள், எண்ணெய் அவற்றையும் விட்டுவைக்காது.

நூலாம்படை அடர்ந்த இலைகளைத் தெளிக்கும் முன்பே கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். தெளித்த இரண்டாம் நாள் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். செத்தவை காய்ந்து அசையாமல் ஒட்டியிருக்கும். கூட்டமாக ஊர்ந்துகொண்டிருந்தால் கரைசலின் அளவைக் கூட்டாதீர்கள், நாசிலைக் கீழிருந்து மேலாகத் திருப்பி, அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனையும்படி மறுபடி அடியுங்கள்.