கணவருக்குத் தெரியாமல் மாத்திரை போடுகிறேன்!

அன்புள்ள மேடம்,

எனக்கு 33 வயது. சொந்த ஊர் ஈரோடு பக்கம். இப்போது அமெரிக்காவில், டெக்ஸஸ் மாநிலத்தின் டல்லஸ் அருகே இருக்கிறோம். கணவர் ஹெச்-1பி விசாவில் ஐடி வேலை பார்க்கிறார். மகனுக்கு நாலு வயது.

போன வருஷம் மறுபடியும் கருவுற்றேன். ரத்தப் பரிசோதனையிலேயே சந்தேகம் என்றார்கள். பனிக்குட நீரை எடுத்துப் பார்த்து 'ட்ரைசோமி 18' (18-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் குறைபாடு) என்று உறுதி செய்தபோது பதினாறு வாரம் தாண்டிவிட்டது. குழந்தை வயிற்றிலேயே போய்விடலாம், பிறந்தாலும் தங்குவது கஷ்டம் என்றார்கள். டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, "இந்த மாநிலத்தில் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. வெளி மாநிலம் போகிறவர்கள் இருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார். மகன் பிரசவத்தைப் பார்த்தவர் அவர். அன்று என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மகனைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு நியூ மெக்ஸிகோவில் உள்ள ஆல்புகெர்க்கிக்கு விமானம் ஏறினோம். முன்பின் தெரியாத ஊர், முன்பின் தெரியாத டாக்டர். வீடு திரும்பிய பிறகு பால் கட்டிக்கொண்டது. மகன் ஓடிவந்து நெஞ்சில் சாய்ந்தால் உயிர் போகும். ஊரில் எல்லோரிடமும் 'தானாகக் கலைந்துவிட்டது' என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்போது மாமியார், "ஒத்தப் புள்ளையோட நிறுத்திடாதீங்க, அங்க ஆள் இல்லேன்னா இங்க வந்து பெத்துக்க" என்கிறார். கணவரோ, "திரும்பத் திரும்ப அப்படியா நடக்கும்?" என்கிறார். கலிஃபோர்னியா பக்கம் போய்விடலாம் என்றால், கிரீன் கார்டு வேலை பாதியில் நிற்கிறது என்று பேச்சை முடித்துவிடுகிறார். எனக்கும் இன்னொரு குழந்தை ஆசைதான். ஆனால் சில மாதங்களாக அவருக்குத் தெரியாமல் கருத்தடை மாத்திரை போடுகிறேன். ரவை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மாதா மாதம் அவர் ஆசையாகக் கேட்கும்போது கூசுகிறது. நான் துரோகம் செய்கிறேனா? இந்தப் பயம் ஒரு வியாதியா?

- பெயர் வேண்டாம், டல்லஸ்

அன்புச் சகோதரிக்கு,

வியாதி இல்லை. தூக்கம் போவது, அழுகை, உடம்பு கூசுவது இவற்றுக்கெல்லாம் ஆலோசனை உதவும். கர்ப்ப இழப்புக்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அங்கே உண்டு, ஒருவரைப் பாருங்கள். ஆனால் உங்கள் பயத்தில் பாதி, வெளியே நிஜமாக இருக்கிற ஒன்றைப் பற்றியது. அதை மூச்சுப் பயிற்சியால் போக்கிவிடலாம் என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

நாடு முழுவதும் கருக்கலைப்பு உரிமையைக் காத்துவந்த 'ரோ' தீர்ப்பை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த ஆகஸ்ட் முதல், டெக்ஸஸில் கருக்கலைப்பு செய்யும் டாக்டருக்கு ஆயுள் சிறை வரை தண்டனை, குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம், லைசென்ஸும் போகும். உதவுகிறவர்கள் மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டுக் குறைந்தது 10,000 டாலர் கேட்கலாம் என்று 2021-லேயே இன்னொரு சட்டம் வந்திருந்தது. உங்கள் டாக்டர் கதவைச் சாத்தியதற்கும் முகம் பார்க்காததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். உங்களை அவர் தப்பாக நினைத்தார் என்று இத்தனை நாள் மனசில் வைத்திருந்தால், அதை இறக்கி வையுங்கள். கர்ப்பிணிக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. நீங்கள் வேறு மாநிலம் போனதும் குற்றம் இல்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கேட் காக்ஸ் என்ற பெண்ணுக்கு 2023 கடைசியில் இதே ட்ரைசோமி 18. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். இந்தக் கர்ப்பம் நீடித்தால் மறுபடி பிள்ளை பெறும் வாய்ப்பே போகலாம் என்று நீதிமன்றத்துக்குப் போனார். கீழ்க்கோர்ட் அனுமதித்தது, மாநில உச்ச நீதிமன்றம் தடுத்தது, அவர் மாநிலத்தை விட்டு வெளியே போனார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், மறுபடி கர்ப்பமாக இருப்பதாக அறிவித்தார். நீங்களும் பெற்றே ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கருவைக் கலைத்தவர் பிள்ளை வேண்டாதவர் என்று நம்மூரிலும் சுலபமாகப் பேசிவிடுகிறார்கள், அது எரிச்சலாக இருக்கிறது.

சரி, மாத்திரை விஷயம். துரோகம் என்ற பெரிய வார்த்தை வேண்டாம். உங்கள் உடம்பு, தயாராகும்வரை தள்ளிப்போட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மாதா மாதம் அவரைக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை. மாமியார் போன் வராத, மகன் தூங்கிய ஒரு நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்: "எனக்கும் ஆசை இருக்கு. ஆனா திரும்ப அந்த ஃப்ளைட் ஏறணுமோன்னு பயமா இருக்கு. அதனால மாத்திரை போட்டுட்டிருக்கேன்." கோபப்படுவார். படட்டும். ஆல்புகெர்க்கியில் அவரும்தான் உங்களோடு இருந்தார். அவருடைய துக்கத்தை யார் கேட்டார்கள்?

அப்புறம் இரண்டு பேருமாக ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ட்ரைசோமி 18 பெரும்பாலும் தற்செயலாக வருவது. உங்கள் வயதில் மறுபடி வர வாய்ப்பு சுமார் 1 சதவீதம் என்பார்கள். அபூர்வமாகப் பெற்றோரின் குரோமோசோம் அமைப்பு காரணமாக இருந்தால் கணக்கு மாறும், அதற்கும் பரிசோதனை உண்டு. பத்தாவது வாரத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்யலாம். மகப்பேறு டாக்டரிடம் கருத்தரிக்கும் முன்பே நேராகக் கேளுங்கள்: பனிக்குடம் சீக்கிரம் உடைந்தால் என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் எப்போது தலையிடலாம் என்பதை டெக்ஸஸ் சட்டத்தில் 2025-ல் கொஞ்சம் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். கருவின் குறைபாட்டுக்கு மட்டும் இன்னும் விலக்கு இல்லை. ஆகவே எந்த மாநிலம், எவ்வளவு செலவு, மகனை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். இதைக் கணவர் அபசகுனம் என்றால், எனக்கு இது இல்லாமல் தூக்கம் வராது என்று சொல்லுங்கள்.

மாமியார் சொல்கிற யோசனையையும் தள்ளிவிடாதீர்கள். இந்தியாவில் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவுக்குப் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு 24 வாரத்துக்குப் பிறகும் கலைக்கலாம். ஆனால் அங்கே போனால் விசா, திரும்பி வருவது, கணவரைப் பிரிந்திருப்பது என்று வேறு கவலைகள் வரும். மாநிலம் மாறுவதும் அப்படித்தான். கிரீன் கார்டைப் பற்றி நீங்களே யூகிக்காமல், இருவருமாக ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் ஒரு பிள்ளை போதும் என்று தோன்றினால், அதுவும் சரியான முடிவுதான்.

தன் அம்மாவின் போனுக்கு இனி உங்கள் கணவரே பதில் சொல்லட்டும். மாத்திரையைப் பேசி முடிவெடுக்கும்வரை நிறுத்த வேண்டாம், ஆனால் ரவை டப்பாவுக்குப் பின்னால் வைக்காதீர்கள்.