கேளுங்கள், சொல்கிறேன்: பெட்டி ரீவியும் வாத்துத் துப்பாக்கியும்

போன இதழில் பழைய ரீவி கேம் பற்றி இரண்டே இரண்டு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு, இந்த மாதம் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். கைபேசி பழுது, இணைய வேகம் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் வருகிறேன்.

அலுமாரிக்கு மேலே கிடந்த ரீவி கேமைத் தூசி தட்டி எடுத்து, புது எல்.ஈ.டி ரீவியில் மாட்டினேன். படம் வருகிறது, மரியோ ஓடுகிறார். ஆனால் வாத்துச் சுடும் கேமில் ஒரு வாத்தும் விழுவதில்லை. மகள் இரண்டு நாளாகத் துப்பாக்கியை ரீவியில் முட்டவைத்தே சுடுகிறாள். துப்பாக்கி பழுதா?
— வாசகர், கொக்குவில்

துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். சிக்கல் உங்கள் புது ரீவியில்.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. நாங்களும் சின்ன வயதில் அதற்குள்ளிருந்து ஏதோ கதிர் போகிறது என்றுதான் நம்பினோம். ஒரு நாள் அம்மா இல்லாத நேரம் பார்த்து நானும் தம்பியும் குசினிக் கத்தி முனையால் திருகாணிகளைக் கழற்றித் திறந்துவிட்டோம். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை, அதற்குப் பின்னால் ஒளி பட்டால் உணரும் சின்னஞ்சிறு துண்டு ஒன்று, விசைக்கு ஒரு சுருள்கம்பி, கையில் கனமாக இருக்கட்டும் என்று ஒட்டியிருந்த ஓர் இரும்புத் துண்டு. அவ்வளவுதான். வெளியே அனுப்பும் பொருள் ஒன்றுமில்லை. அது சுடுவதில்லை, பார்க்கிறது.

நீங்கள் விசையை அழுத்தியதும் திரை முழுவதும் ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் ஒன்று வரும். துப்பாக்கி முதலில் இருட்டையும் உடனே வெளிச்சத்தையும் கண்டால் வாத்து விழுந்தது என்று கணக்கு. இரண்டு வாத்து பறந்தால் இரண்டு சதுரமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்தச் சதுரத்தில் வெளிச்சம் கண்டதோ அந்த வாத்து காலி. முதலில் கறுப்புத் திரை எதற்கு என்றால், யாராவது துப்பாக்கியைக் குமிழ் விளக்குக்கு நேரே பிடித்து ஏமாற்றாமல் இருக்கத்தான். இருட்டாக இருக்கவேண்டிய நேரத்தில் வெளிச்சம் தெரிந்தால் கணக்கில் வராது. இத்தனையும் ஒரு விநாடியின் சிறு துண்டுக்குள் முடிந்துவிடும். சுடும்போது திரை ஒருமுறை மின்னுமே, அந்த மின்னல் இதுதான்.

பழைய படக்குழாய் வைத்த பெட்டி ரீவிக்குள் சமிக்ஞை வந்த அந்தக் கணமே, ஒரு கதிர் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் படத்தை எழுதும், விநாடிக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகள். துப்பாக்கியின் நேரக்கணக்கு முழுவதும் அதை நம்பித்தான் அமைந்தது. எல்.ஈ.டி ரீவியோ வந்த படத்தை வாங்கி, நினைவில் வைத்து, பெரிதாக்கி, திருத்திப் பிறகுதான் காட்டும். கண்ணுக்கு அந்தத் தாமதம் தெரியாது. ஆனால் வெள்ளைச் சதுரம் திரைக்கு வருவதற்குள் கேம் தன் சோதனையை முடித்து, குறி தப்பியது என்று எழுதிவிட்டிருக்கும். யப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் இந்தத் துப்பாக்கியை 1984 இல் செய்தபோது வீடுகளில் இருந்தது பெட்டி ரீவிதான், அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை இது. மகளுக்கு ஒரு பெட்டி ரீவி தேடிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு விறாந்தையில் துணி போர்த்தி ஒன்று நிச்சயம் இருக்கும்.

எங்களிடம் இருந்த கசற்றில் 9999 கேம் என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் இருபது கூடத் தேறாது. ஏமாற்றிவிட்டார்களா அண்ணா?
— வாசகர், சாவகச்சேரி

ஏமாற்றித்தான் விட்டார்கள். அதே சில கேம்களையே திரும்பத் திரும்பப் பட்டியலில் போட்டு, ஒன்றில் இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்கவைத்து, இன்னொன்றில் உயிர்களைக் கூட்டி, வேறு வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

கசற் மட்டுமல்ல, அந்தப் பெட்டியும் நகல்தான். யப்பானில் 1983 இல் நின்ரெண்டோ வெளியிட்ட ஃபமிக்கொம் என்ற இயந்திரத்தைப் பார்த்துப் பிறர் செய்தது. பிற்காலத்து நகல்களைத் திறந்தால் பலகை நடுவில் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று இருக்கும், மூலப் பெட்டியில் பல சில்லுகள் செய்த வேலையெல்லாம் அந்த ஒரு சொட்டுக்குக் கீழே. எனக்கு அதில் வருத்தமே இல்லை. மூலப் பெட்டி நாங்கள் வளர்ந்த வீடுகளுக்கு வரவில்லை, இதுதான் வந்தது, இதில்தான் விளையாடினோம். உள்ளே ஓடிய கேம் அசல். சூப்பர் மரியோ புரோஸ் முழுவதும் 40 கிலோபைட், இன்றைக்கு நீங்கள் கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அதைப்போலப் பல மடங்கு வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க மேகத்தையும் புதரையும் ஒரே உருவத்தால் வரைந்தார்கள், வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். இனி விளையாடும்போது பாருங்கள்.

நான் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். இங்கே நின்றபடி விளையாடும் பழைய கேம் பெட்டிகளை வரிசையாக வைத்த இடங்களுக்குப் பிள்ளைகள் கூட்டிப் போகிறார்கள். என்னோடு வேலை செய்பவர்கள் தங்கள் சின்ன வயதுப் பெட்டிகளைப் பற்றிக் கதைக்கும்போது நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் இதெல்லாம் இருந்ததா?
— வாசகி, கனடா

அக்கா, இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை வாசித்தேன்.

காசு போட்டு விளையாடும் அந்த நெட்டைப் பெட்டியை நான் வளர்ந்த காலத்தில் இங்கே ஓரிடத்திலும் காணவில்லை. ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். ஸ்ரீட் ஃபைற்றர் இரண்டு என்ற சண்டைக் கேம் வெளிவந்து உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்தப் பெட்டிகளைச் சுற்றி நின்றது 1991 இல். இங்கே போரால் 1990 இலேயே மின்சாரம் நின்றுவிட்டது. பற்றரி கூட அரசின் தடைப் பட்டியலில் இருந்தது, பழைய பற்றரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். படம் பார்க்க வேண்டுமென்றால் டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வர வேண்டும், மண்ணெண்ணெய்க்கு ஊரே காசு சேர்க்க வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரைவிட்டு எல்லோரும் நடந்தோமே, அப்போது எனக்குப் பத்து வயது. கேம் என்றால் எனக்குத் தெரிந்தது கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும்தான்.

எங்கள் வீட்டுக்கு ரீவி கேம் வந்தது அதற்குப் பிறகு, கொழும்பிலிருந்த மாமாவால். திருகோணமலையிலிருந்து கப்பலில் வந்தவர், சாறத்துக்குள் சுற்றி அதைக் கொண்டுவந்தார். கரண்ட் வரும் நேரம் பார்த்து, வாத்தின் இறகு எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தம்பியும் நானும் சண்டை பிடித்தோம். பிறகு 2002 இல் ஏ9 பாதை திறந்ததும் சாமான்கள் வந்து குவிந்தன. எங்கள் ஊரில் ஒருவர் வீட்டின் முன்னறையை மறித்து நான்கு பெட்டி ரீவிகள், நான்கு பிளேஸ்டேஷன்கள் வைத்தார். மணித்தியாலக் கணக்கு. இரண்டு நீள வாங்குகள், சுவரில் ஒரு மின்விசிறி, மேசையில் ஒரு எலாம் மணிக்கூடு. நேரம் முடிந்தால் அது கத்தும், அடுத்தவன் உடனே கட்டுப்படுத்தியைக் கையிலிருந்து வாங்கிவிடுவான், அதில் முன்னவனின் வியர்வை இன்னும் காயாமல் இருக்கும். விளையாடியது ரெக்கன் மூன்று என்ற சண்டைக் கேம். காசு இல்லாத நாளில் பின்னால் நின்று பார்க்கலாம், அதற்குக் காசு இல்லை. ரியூசன் விட்டு வந்து பின்னால் நின்ற பெடியள்தான் அதிகம். விளையாடுபவனுக்கு மேலால் எட்டிப் பார்த்து, 'கீழ அடி, கீழ அடி' என்று கத்தும் அந்தச் சத்தம் ரொறன்ரோவிலும் ரோக்கியோவிலும் அந்தப் பெட்டிகளைச் சுற்றி இருந்ததுதான்.

அதனால் இனிப் பேசாமல் இருக்காதீர்கள். உங்கள் வேலைத் தோழர்களிடம் அந்த டைனமோவைச் சொல்லுங்கள்.

கையில் வைத்து விளையாடிய பிரிக் கேமைக் கண்டுபிடித்தது யார்?
— வாசகி, பருத்தித்துறை

பென்ரோச் பற்றரி போட்டு விளையாடிய அந்தச் சாம்பல் திரையில் இருந்தது ரெற்றிஸ் என்ற கட்டை அடுக்கும் கேமின் நகல். ரெற்றிஸை 1984 இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்நொவ் எழுதினார். அவர் வேலை செய்த கணினியில் படம் வரைய வழி இல்லை, அடைப்புக்குறிகளைப் பக்கம் பக்கமாக வைத்துத்தான் கட்டைகளைக் காட்டினார். 1989 இல் நின்ரெண்டோவின் கேம் போய் என்ற கைக் கேம் கருவியோடு சேர்ந்து அது உலகம் சுற்றியது.

என் பதினொரு வயது மகன் கைபேசி கேமைக் கீழே வைப்பதில்லை. பழைய கேம்கள் இதைவிட நல்லது என்று கணவர் சொல்கிறார். உண்மையா?
— தாய், மானிப்பாய்

ஒரு விதத்தில் உண்மை. காசு போடும் பெட்டிகளுக்கு எழுதிய கேம்கள் சீக்கிரம் உங்களைத் தோற்கடித்து அடுத்த ஆளை நிறுத்த வேண்டியவை. மூன்று உயிர், முடிந்தால் முடிந்ததுதான். இப்போதைய பல கைபேசி கேம்களுக்கு முடிவே கிடையாது, விட்டுப் போனாலும் திரும்ப வா என்று அறிவிப்பு அனுப்பும். எழுந்து போவதற்கு ஓர் இடம் கேமுக்குள்ளேயே இருப்பது பிள்ளைக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பழைய கேமைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் போய்விட்டால் அவன் பத்து நிமிடத்தில் கைபேசிக்குத்தான் திரும்புவான். கொன்ட்ரா போட்டுக் கணவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே திரையில் ஓட வேண்டிய கேம், ஒருவர் அவசரப்பட்டு மேலே ஏறினால் மற்றவர் திரைக்குக் கீழே விழுந்து செத்துப்போவார், அதனால் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டேதான் விளையாட முடியும்.

கசற்றை ஊதிப் போட்டால் வேலை செய்கிறது, சில நாளில் அதுவும் இல்லை. இன்னொன்று, பெட்டி ரீவியில் படம் ஒடுங்கி வருகிறது, நானே திறந்து பார்க்கலாமா?
— வாசகர், சுன்னாகம்

ஊதாதீர்கள். வேலை செய்தது உங்கள் மூச்சால் அல்ல, கழற்றித் திரும்பச் செருகியதால். மூச்சின் ஈரம் செப்புப் பட்டைகளில் மெல்ல மெல்லக் களிம்பை ஏற்றும். கைபேசி திருத்தும் கடைகளில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் வைத்திருப்பார்கள், காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்துப் பட்டைகளைத் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

ரீவியைத் திறக்கவே வேண்டாம். படக்குழாயில் இருபதாயிரம் வோல்ற் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும், செருகியைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். படம் ஒடுங்குவது பெரும்பாலும் காய்ந்துபோன கொள்ளளவிகளால், அவை மலிவான சாமான்கள். ஊரில் பெட்டி ரீவி திருத்திய பழைய ஆட்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டுப் பிடித்துக் கொடுங்கள்.

நாங்கள் மூன்று மாணவர்கள். அந்த நெட்டைக் கேம் பெட்டி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
— பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

இந்தக் கேள்வியைத்தான் கடைசியில் வைக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

பலகையை வாங்கும் முன் கேம்களை அறியுங்கள். பழைய பெட்டிகளின் சில்லுகளைக் கணினியில் அப்படியே நடித்துக் காட்டும் மாமே என்ற மென்பொருள் 1997 இலிருந்து இருக்கிறது, இலவசம் (கேம்களின் உரிமை வேறு விடயம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்). முதலில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பாருங்கள், தைத்தோ நிறுவனத்துக்காக தொமோஹிரோ நிஷிகாதோ 1978 இல் செய்தது. எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவை வேகமாக வரும். அது அவர் திட்டமிட்டு வைத்ததல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் சில்லுக்கு வேலை குறைந்து தானாக வேகம் கூடியது, அது நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். அடுத்தது பக்மான், 1980, தோரு இவதானி. நான்கு பேய்களும் ஒரே மாதிரி துரத்துவதில்லை. சிவப்பு உங்களுக்குப் பின்னால் வரும், இளஞ்சிவப்பு நீங்கள் போகப்போகும் இடத்தை மறிக்கப் பார்க்கும். 256ஆம் கட்டத்துக்குப் போனால் கட்ட எண்ணை வைக்கும் எட்டு பிற் இடத்தில் 255க்கு மேல் எண்ண முடியாமல் திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகிவிடும், அதற்கு மேல் போக வழியில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். உள்ளே ஒரு ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினி போதும். திரைக்குப் பெட்டி ரீவி கிடைத்தால் அதையே வையுங்கள், பாரத்தைத் தாங்கக் கீழ்த்தட்டுக்கு நல்ல மரம் வேண்டும். பொத்தான்களில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அழுத்தும்போது 'டிக்' என்று கேட்கும் நுண்சுவிட்ச் உள்ளதாக வாங்குங்கள், பொத்தான் அழுந்தியதைத் திரையைப் பார்க்காமலே விரல் தெரிந்துகொள்வது அந்தச் சத்தத்தில்தான். உயரத்தைத் தாளில் எழுதித் தச்சரிடம் கொடுக்காமல், மூன்று பேரும் நேரில் போய் நின்று, முழங்கை மடித்துக் காட்டி அளவெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு இடம் விடுங்கள், பின்னால் நிற்பவர்களுக்கும்.

பெட்டி எழுந்ததும் இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.