வாய்தா: வரியும் வழக்கும்

கேள்வி: எங்கள் பாகப்பிரிவினை வழக்கில் ஒவ்வொரு முறையும் 'வாய்தா போட்டாச்சு' என்கிறார் வக்கீல் குமாஸ்தா. நிலவரியையும் என் தாத்தா வாய்தா என்றே சொல்வார். இரண்டும் ஒரே சொல்லா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஒரே சொல்தான். வாக்குறுதி என்று பொருள்படும் அரபுச் சொல்லொன்று, பாரசீகம், உருது வழியாக நம் கச்சேரிகளுக்கு (அரசு அலுவலகங்கள், நீதிமன்றங்களுக்கு) வந்து, வாக்களித்த நாள், அதாவது கெடு என்று பொருள் விரிந்தது. பிசான நெல் (நெல்லைப் பக்கத்துப் பருவ நெல்) அறுவடை முடிந்து, நெல் விற்ற கையோடு தீர்வை கட்ட வேண்டிய கெடு வாய்தா எனப்பட்டது. கட்டும் வரிக்கும் அதுவே பெயராயிற்று. நீதிமன்றத்திலோ விசாரணைக்குக் குறித்த நாளையும், அதைத் தள்ளிவைப்பதையும் அது சேர்த்தே குறிப்பதால், 'வாய்தாவுக்குப் போனேன்', 'வாய்தா வாங்கினேன்' ஆகிய இரண்டும் சரியான சொல்வழக்குகளே.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளைப்படி, வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரலாகாது. தரப்பினரின் கைமீறிய காரணம் இருந்தால் விலக்கு உண்டு என்று 2005இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. (அந்த விலக்கின் அகலம், கோர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்குத் தெரியும்.) காரணத்தை நீதிமன்றம் எழுத்தில் பதிய வேண்டும் என்பதால், உங்கள் வழக்குக் கட்டைப் பார்த்து, வாய்தா கேட்டவர் யார் என்று வக்கீலிடமே விசாரியுங்கள்.