ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், வியாழக்கிழமை ஏடு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1947-இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கில் கால் வைப்பதற்கு முன்பே, அமெரிக்கப் புல்வெளிச் சிற்றூர்களில் கறுப்பின வீரர்கள் வெள்ளையரோடு ஒரே அணியில் பேஸ்பால் ஆடியதாகப் படித்தேன். அதையே ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். ஆனால் எங்கே தேடினாலும் புகழ்பெற்ற கறுப்பினப் பந்தெறி வீரர் சாட்செல் பேஜ் பெயர்தான் வருகிறது. சிங்கப்பூரில் இருந்தபடி மேலே போக முடியுமா?
– தொடக்கக் கல்லூரி மாணவி, ஈசூன்

பதில்: தாராளமாக முடியும். வீரரை விட்டுவிட்டு ஊரைப் பிடியுங்கள். பேஜ் பெயர் முந்திக்கொண்டு வருவதில் வியப்பில்லை. வட டகோட்டாவின் பிஸ்மார்க் நகரில் கார் வியாபாரி நீல் சர்ச்சில் நடத்திய அணிக்கு அவர் 1933-இலும் 1935-இலும் பந்தெறிந்தார். 1935-இல் விச்சிட்டாவில் நடந்த முதல் தேசியப் போட்டியில் அந்த அணிதான் வென்றது. ஆனால் அதே அணியில் குவின்சி ட்ரூப், ஹில்டன் ஸ்மித், டெட் ராட்கிளிஃப், பார்னி மாரிஸ் ஆகியோரும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்பே, 1924-இல், மினசோட்டாவின் பெர்த்தா என்ற சின்னஞ்சிறு ஊருக்காக ஜான் டொனால்ட்சன் ஆடினார். இடக்கையால் பந்தெறியும் பிட்சரான அவருக்கு ஆர்வலர்கள் பழைய ஏடுகளிலிருந்து இதுவரை 400-க்கும் மேற்பட்ட வெற்றிகளையும் 5,000-க்கும் மேற்பட்ட ஸ்ட்ரைக்அவுட்களையும் (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) திரட்டியிருக்கிறார்கள். அத்தனையும் உள்ளூர் வார ஏடுகளில் புதைந்து கிடந்தவை.

ஓர் ஊர், ஒரு பருவம் என்று வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை போதும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’, மினசோட்டா வரலாற்றுக் கழகத்தின் மின்னிலக்க ஏட்டுத் தொகுப்பு இரண்டையும் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். நம் தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’யில் பழகிய கைக்கு இவை புதிதாகத் தெரியாது.

பலரும் சறுக்குவது தேதியில். வார ஏடு பெரும்பாலும் வியாழன் அல்லது வெள்ளியில் வரும். ஆட்டமோ ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்கும். ஏட்டின் தேதியையே ஆட்டத் தேதியாகக் குறித்தால், எதிரணி ஊரின் ஏட்டில் அதே ஆட்டம் வேறொரு நாளில் கிடைக்கும்போது ஒன்றை இரண்டாக எண்ணிவிடுவீர்கள். நாள்காட்டியை வைத்து ஆட்ட நாளைக் கணக்கிட்டு, ஏட்டுத் தேதியைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். முந்தைய வார இதழையும் திறந்து பாருங்கள். வரப்போகும் ஆட்டத்துக்கான விளம்பரத்தில் ‘கலர்டு பிட்சர்’ (கறுப்பினப் பிட்சர்) வருகிறார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கூட்டம் சேர்க்க அது அவர்களுக்கு உதவியது.

தேடுபெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். பொடி எழுத்தையும் மங்கிய மையையும் கணினி தப்பாகப் படிக்கும். வரி முடிவில் இரண்டாக உடைந்த பெயர் தேடலில் சிக்காது. டொனால்ட்சன் கிடைக்காவிட்டால் ‘டொனால்ட்’, ‘ஆல்ட்சன்’ என்று துண்டு துண்டாகத் தேடுங்கள். அதன்பிறகு அந்தப் பருவத்தின் இதழ்களைப் பக்கம் பக்கமாகக் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். ஆட்டச் செய்தி திருமண அறிவிப்புக்கும் கோதுமை விலைக்கும் நடுவில் நாலே வரியில் ஒளிந்திருக்கும்.

கேள்வி: பழைய ஸ்கோர் அட்டவணையில் ‘வில்சன், பிட்சர்’ என்று மட்டும் இருக்கிறது. அவர் யார், கறுப்பினத்தவரா என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: குடும்பப் பெயரை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. பட்டப்பெயரும் புகைப்படமும்கூடப் போதாது. அணியையும் ஆண்டையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் முதல் உலகப்போர் காலப் படைப்பதிவு அட்டைகளையும் பாருங்கள். ‘ஃபேமிலிசர்ச்’ தளத்தில் கணக்கு தொடங்கினால் இரண்டும் இலவசம். 1910, 1920 கணக்கெடுப்புகளில் இனப் பத்தியில் ‘பி’ (பிளாக், கறுப்பினத்தவர்) அல்லது ‘எம்யூ’ (முலாட்டோ, கலப்பினத்தவர்) என்றும், 1930-இல் ‘நெக்’ (நீக்ரோ) என்றும் எழுதியிருப்பார்கள்.

அவர் ஆடிய ஊரின் பட்டியலில் பெயர் இல்லையே என்று பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். 1920 கணக்கெடுப்பு ஜனவரி 1 நிலவரம். 1930-க்கு ஏப்ரல் 1. கோடைக்கு மட்டும் கூலிக்கு வந்த வீரர் அந்த நாள்களில் சிகாகோவிலோ கன்சாஸ் சிட்டியிலோ தன் வீட்டில் இருந்திருப்பார். அங்கே தேடுங்கள். 1890 கணக்கெடுப்பு பெரும்பாலும் அழிந்துபோனது; அந்த இடைவெளியை ஏடுகளால்தான் நிரப்ப வேண்டும்.

பெயர் மாறுவதும் உண்டு. 1884-இல் மினசோட்டாவின் ஸ்டில்வாட்டர் அணிக்கு ஆடிய பட் ஃபவுலரின் இயற்பெயர் ஜான் ஜாக்சன். ஃபவுலர் என்று கணக்கெடுப்பில் எவ்வளவு தேடினாலும் பிறந்த வீட்டைப் பிடிக்க முடியாது. நம் பிள்ளைகளின் பெயர் பழைய ஆங்கில ஏடுகளில் மூன்று விதமாக எழுத்துக்கூட்டப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகளாவது பொருந்தினால் மட்டும் பெயரை உறுதி என்று எழுதுங்கள். அதுவரை ‘இவராக இருக்கலாம்’ என்றே நிற்கட்டும். தவறான மனிதருக்குப் புகழைக் கொடுத்தால், ஆடியவர் இன்னொரு முறை மறக்கப்படுகிறார்.

கேள்வி: பிட்சர் 18 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார் என்கிறது ஏடு. நம்பலாமா?
– கிரிக்கெட் ரசிகர், தெம்பனிஸ்

பதில்: அட்டவணையே சரிபார்த்துத் தரும். ஸ்ட்ரைக்அவுட் ஆனால் புட்அவுட் கணக்கு (ஆட்டக்காரரை வெளியேற்றி முடித்தவருக்கான எண்) மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் போகும். ஏடு 18 என்று சொல்லி, கேட்சரின் புட்அவுட் 11 என்று இருந்தால், எங்கோ மிகை இருக்கிறது அல்லது எண் தவறாக அச்சாகியிருக்கிறது. (கேட்சர் மூன்றாவது ஸ்ட்ரைக்கைத் தவறவிட்டு முதல் பேஸுக்கு எறிந்தால் அவருக்கு அசிஸ்ட் (வெளியேற்ற உதவியதற்கான கணக்கு) கிடைக்கும், ஆனால் அது ஏழு முறை நடப்பது அரிது.) ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில், இன்னிங்ஸுக்கு மூன்று பேர் வீதம், ஒரு அணியின் புட்அவுட் கூட்டுத்தொகை 27 வர வேண்டும். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்து ஒன்பதாவதில் மட்டை பிடிக்காமலே வென்றிருந்தால், விருந்தாளி அணிக்கு 24; ஒன்பதாவதில் மட்டை பிடித்து வெற்றி ஓட்டம் எடுத்திருந்தால் 24 முதல் 26 வரை. இந்தக் கூட்டல் இடித்தால், அந்த அட்டவணையிலிருந்து எந்த எண்ணையும் உங்கள் மொத்தத்தில் சேர்க்காதீர்கள். எதிரணி ஊரின் ஏடு கிடைக்கும்வரை தனியாக வையுங்கள்.

கேள்வி: கனடாப் பக்கமும் இதே கதைதானா?
– வாசகி, பொங்கோல்

பதில்: ஆம், சற்று வேறு வடிவில். 1910 வாக்கில் ஓக்லஹோமாவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் குடியேறிய ஆல்பெர்ட்டாவின் ஆம்பர் வேலிக்குச் சொந்த அணி இருந்தது. 1950-இல் மனிடோபாவையும் வட டகோட்டாவையும் இணைத்துத் தொடங்கிய மான்டாக் லீகில், வில்லி வெல்ஸ் நடத்திய வின்னிபெக் பஃபலோஸ் முதல் ஆண்டே பட்டம் வென்றது. கனடாவின் புல்வெளி மாநிலங்களுக்கு 1906, 1916, 1926-இல் தனிக் கணக்கெடுப்பு நடந்தது. அதன் கடைசி இரண்டும் ஜூன் 1 நிலவரம். ஆட்டப் பருவம் அப்போது தொடங்கியிருக்கும் என்பதால் வெளியூர் வீரர் அகப்பட வாய்ப்பு கூடுதல். கனடா ஏடுகளில் ‘கலர்டு’ என்ற சொல்லை யூ எழுத்து சேர்த்தும் தேட மறக்காதீர்கள்.

கேள்வி: அக்கால ஏடுகளின் இழிசொற்களை ஆய்வில் அப்படியே எழுதலாமா?
– ஆசிரியர், புக்கிட் பாத்தோக்

பதில்: மேற்கோளில், தேவையான இடத்தில் மட்டும், மாற்றாமல் எழுதலாம். மாணவரின் சொந்த வாக்கியத்தில் வீரரின் முழுப்பெயர் வர வேண்டும். தலைப்பில் அந்தச் சொற்கள் வேண்டாம்.