முதல் குளிர்காலமும் ஃபெரட் படுக்கையும்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இந்தக் குளிர் தேசத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கூடத் தங்கியிருந்தவர் வீடு மாறும்போது தன் இரண்டு ஃபெரட்டுகளை, கீரி போல நீண்ட உடல்கொண்ட அந்தச் சின்ன வளர்ப்புப் பிராணிகளை, உங்களிடம் விட்டுப் போய்விட்டார். தூங்கி எழுந்ததும் அவை நடுங்குகின்றன, மின்சார வெப்ப விரிப்பு வாங்கிப் போடலாமா, எந்தப் படுக்கை நல்லது என்று கேட்கிறீர்கள். நான் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, அதில் ஒன்பது வருடம் ஃபெரட்டுகளோடுதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த நடுக்கம். ஆழ்ந்த தூக்கத்தில் அவற்றின் உடல் சூடு கொஞ்சம் இறங்கும். விழித்ததும் தசைகளை நடுக்கிச் சூட்டை ஏற்றிக்கொள்ளும். சில நிமிடத்தில் நின்றுவிட்டு, வழக்கம்போலக் குதித்து ஓடினால் கவலையே வேண்டாம். ஆனால் மூன்று நான்கு வயதைத் தாண்டிய ஃபெரட் எச்சில் ஒழுகி, பின்னங்கால் தள்ளாடி, ஓரிடத்தை வெறித்துப் பார்த்தபடி நின்றால் அது குளிர் அல்ல. இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

முதல் குளிர்காலத்தில் நமக்கு எலும்பு வரை குளிர்கிறது. பக்கத்தில் இருக்கும் சின்ன உயிருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று மனம் பதறுகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஃபெரட்டின் மூதாதை போல்கேட் என்ற ஐரோப்பியக் காட்டு விலங்கு. பகல் குறையக் குறைய அதன் மயிர் தானாக அடர்த்தியாகும், எடையும் கூடும். அறை 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் இருந்தால் அதற்கு நிம்மதி. நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படும் அறையில் அது சுகமாகத் தூங்கும். வெப்பம்தான் அதற்கு எதிரி. வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ள அதனால் முடியாது, 27 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கிவிடும்.

அதனால் மின்சார விரிப்பு வேண்டாம். ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும் பிராணி அது. தூக்கிக் குலுக்கினால்கூட விழிக்காத அளவுக்குச் சில சமயம் ஆழ்ந்துவிடும். சூட்டை உணர்ந்து நகராமல் தோல் வெந்துபோகலாம். ஒயரைக் கடித்தால் இன்னும் மோசம். ரப்பர் வெந்நீர்ப் பையும் கூடாது, ரப்பரைக் கடித்து மெல்ல அவற்றுக்கு அப்படி ஒரு ஆசை.

அப்படியென்றால் என்ன போடுவது? ஃப்ளீஸ் துணி, குளிர்காலப் போர்வைகளில் வரும் மெத்தென்ற செயற்கை இழைத் துணி. ஒன்பது வருடத்தில் நான் திரும்பத் திரும்ப வந்து நின்றது அதில்தான். வெட்டினால் ஓரம் பிரியாது, நூல் தொங்காது, ஈரத்தைப் பிடித்து வைக்காது, துவைத்தால் சீக்கிரம் காயும். ஃபெரட் மெத்தையின் மேல் படுக்கும் பிராணி அல்ல, உள்ளே புகுந்து சுருண்டுகொள்ளும் வளைவாசி. ஆகையால் ஒரே கனமான விரிப்பைவிட, இரட்டை ஃப்ளீஸில் தைத்த பை, மூடிய தூளி, தளர்வாகக் குவித்த நான்கைந்து ஃப்ளீஸ் துண்டுகள் என்று கொடுங்கள். குளிர்ந்தால் அடியில் போகும், புழுங்கினால் மேலே வரும். கனமான படுக்கை ஒன்றும் மெல்லியது ஒன்றும் வைத்துவிட்டால் அதுவே முடிவு செய்துகொள்ளும். உங்கள் பழைய ஸ்வெட்ஷர்ட்டைப் போட்டாலும் ரொம்பப் பிடிக்கும், உங்கள் வாசனை இருக்கிறதல்லவா. பொத்தான், ஜிப், நாடா எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் ஃபெரட்டுக்கு, குளிருமே என்று, உள்ளே நுரைப்பஞ்சு வைத்த அழகான படுக்கை ஒன்று வாங்கினேன். மூன்றாம் நாள் இரவு தையலைக் கடித்துப் பிரித்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. இரண்டு நாளில் சாப்பாட்டை நிறுத்தியது, வாயைக் கையால் பிறாண்டியது, பல்லை நறநறவென்று கடித்தது. குடலில் பஞ்சுத் துண்டு அடைத்திருந்தது, அறுவைச் சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை. குளிர்காலத்தில் ஃபெரட்டுக்கு வரும் ஆபத்து குளிரைவிடப் படுக்கையிலிருந்துதான் அதிகம் என்று அன்றுதான் புரிந்தது.

அதனால் நுரைப்பஞ்சு, ரப்பர், பஞ்சு அடைத்த தலையணை எதுவும் வேண்டாம். கையால் பின்னிய கம்பளித் துணியிலும், வளையம் வளையமாக நூல் தூக்கி நிற்கும் டர்க்கி டவலிலும் நகம் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் நகமே பிய்ந்துவிடும். பைன், சீடர் மரச்சுருள் பலர் போடுவார்கள், அதிலிருந்து வரும் மணமுள்ள ஆவி மூச்சுக்குழாய்க்குக் கெடுதல், சூடும் பெரிதாகத் தராது. வெளியே கூண்டில் வளர்ப்பவர்கள் தூசி இல்லாத வைக்கோலைக் கனமாகப் போடுவார்கள், ஈரம் படாத மரப்பெட்டிக்குள் அது நன்றாகவே சூட்டைப் பிடிக்கும். உங்களுடையவை வீட்டுக்குள் இருப்பதால் அது தேவையில்லை.

படுக்கையை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஜன்னலுக்கும் வாசல் கதவுக்கும் நேராக வேண்டாம், ஹீட்டரை ஒட்டியும் வேண்டாம். கூண்டின் அடித்தளம் கம்பியாக இருந்தால் கீழிருந்து காற்று ஏறும். கெட்டியான தளம் போட்டு, அதன் மேல் ஃப்ளீஸ் விரியுங்கள். தொங்கும் தூளிக்கும் அடியில் காற்று ஓடும் என்பதால், கடுங்குளிர் நாட்களில் நான் தரையில் ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டிக்குள் பையை வைத்துவிடுவேன்.

வாரத்துக்கு ஒரு முறை, வாசனையில்லாத சோப்புத்தூளில் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். நாற்றம் பெரும்பாலும் அவற்றின் தோல் எண்ணெய் படுக்கையில் படிவதால் வருவதுதான். வாடை தாங்கவில்லையே என்று ஃபெரட்டை அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு எண்ணெய் இன்னும் கூடும். படுக்கையைத் துவைத்தாலே பாதி வாடை போய்விடும். ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் விரலால் தடவிப் பாருங்கள். ஓட்டை விழுந்திருந்தால், ஓரம் மென்றிருந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று. புதிதாக வந்தவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் ஃப்ளூ வருவது சகஜம். நம் ஃப்ளூ ஃபெரட்டுக்கும் அப்படியே தொற்றும். 1933இல் லண்டனில் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே ஃபெரட்டுகளுக்குத் தொற்றவைத்துத்தான். காய்ச்சலும் இருமலும் இருக்கும் நாட்களில் நீங்கள் போட்டிருந்த சட்டையை அப்படியே படுக்கையாகக் கொடுக்காதீர்கள். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள், முடிந்தால் வேறு யாராவது சாப்பாடு வைக்கட்டும்.

அப்புறம், துவைக்கும் நாளில் ஃப்ளீஸை அள்ளி மெஷினுக்குள் போடுவீர்கள் அல்லவா, ஒவ்வொரு துண்டாக உதறிப் போடுங்கள். அழுக்குத் துணிக் குவியலுக்குள் புகுந்து அசையாமல் தூங்குவது அவற்றின் வழக்கம். இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகே மெஷின் கதவை மூடுங்கள்.